பெலிஸ்தியச் சாடியில் ஒரு பறவை

மோர்னிங்சைட்
04.03.2025

அன்புள்ள ஜெயமலருக்கு,

நான் சுகம். தங்கச்சி வீட்டில நீரும் சுகமெண்டு நினைக்கிறன். போன் எடுக்கிறீரில்லை, அதுதான் கடிதம்.

மியூசியத்தில என்னைக் கானான் நாட்டுப் பழஞ்சாமான்களுக்குக் காவல் போட்டிருக்கினம். கோலியாத்தின்ர சனம் பெலிஸ்தியர் முரடரெண்டுதானே பைபிளில படிச்சனாங்கள். அவையின்ர மூவாயிரம் வருசத்துச் சாடியில கறுப்பும் சிவப்புமாய் ஒரு பறவை, கழுத்தைப் பின்னுக்குத் திருப்பிக்கொண்டு நிக்குது. பொட்டறி வகுப்பில நீர் மண்சட்டியில கீறின பறவையும் அப்பிடித்தான். அண்டைக்கு விருந்தாக்களுக்கு முன்னால "கழுத்து முறிஞ்ச கோழி" எண்டு சிரிச்சனான். பிழை என்ரை.

உம்மடை
இக்னேசியஸ்


அஜின்கோர்ட்
18.03.2025

இஞ்சேருங்கோ,

ஆறு மாசத்துக்குப் பிறகு ஒரு பெலிஸ்தியன் சொல்லித்தான் உங்களுக்கு விளங்கியிருக்கு. சந்தோசம். ஆனால் ஒரு கோழிக்காக நான் வீட்டை விட்டு வெளிக்கிடேல்லை. இருபத்தாறு வருசமாய் நான் செய்த எதையும் நீங்கள் ரெண்டு நிமிசம் நிண்டு பாக்கேல்லை.

திங்கட்கிழமை உங்களுக்கு லீவெண்டு தெரிஞ்சு மியூசியத்துக்கு வந்து பாத்தனான். அந்தப் பறவை இறகு கோதுது. வடிவாய்ப் பாருங்கோ. பக்கத்தில பினீசியரின்ர தந்தச் செதுக்கலில பசு தன்ர கண்டுக்குட்டியை நக்குது, அதையும் பாருங்கோ.

குளிசையை விடாமல் போடுங்கோ.

ஜெயமலர்


மோர்னிங்சைட்
30.03.2025

அன்புள்ள ஜெயமலருக்கு,

பாத்தன். இறகுதான் கோதுது. கண்ணுக்கு வட்டம் போடேக்கை கீறினவனுக்குக் கை வழுக்கியிருக்கு, ரெண்டாம் வட்டமும் தெரியுது. பினீசியர் பசுவைச் சுத்திச் செதுக்கின தாமரையை எகிப்திலயிருந்து எடுத்திருக்கினம், ஆனால் பசுவின்ர முகம் அவையின்ரைதான். மேலதிகாரி அன்ட்ரூ வந்து, "சனத்தைப் பார், சாடியை இல்லை" எண்டு சொல்லிப்போட்டுப் போறான்.

உங்கடை வகுப்பின்ர கண்காட்சி பன்னிரண்டாம் திகதியாம், உம்மடை தங்கச்சி சொன்னவ. நான் வரலாமோ?

இக்னேசியஸ்


அஜின்கோர்ட்
14.04.2025

இஞ்சேருங்கோ,

கேட்டுப்போட்டு, பதில் வரமுதலே வந்து நிண்டியள். என்ரை மேசைக்கு முன்னால நாப்பது நிமிசம். தங்கச்சி மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிண்டவள். நீலக் கிண்ணத்தின்ர விளிம்பு ஒரு பக்கம் தடிப்பெண்டு நீங்கள் சொன்னது சரி. எங்கடை ரீச்சருக்கே அது தெரியேல்லை. எனக்குக் கோபம் வந்தது, பிறகு பஸ்ஸில தனியச் சிரிச்சுக்கொண்டு வந்தன்.

சனிக்கிழமை காரைக் கொண்டு வாங்கோ. சூட்கேஸ் ரெண்டு. மண் வனையிற சில்லு ஒண்டும் வாங்கியிருக்கிறன், நல்ல பாரம், தனிய ஆராலையும் தூக்கேலாது. பேஸ்மென்டில கிடக்கிற உங்கடை பழைய ரீவியளை எறிஞ்சுபோட்டு, யன்னல் பக்கத்தை எனக்கு ஒதுக்கி வையுங்கோ.

மலர்