வெட்டாமல் வைத்த முகட்டுக் கயிறு

ரியோ பிராங்கோ நகரத்தில் மகள் வீட்டில் இருக்கும் என் பிரியமான இராசில்டாவுக்கு, ஆற்றங்கரை வீட்டிலிருந்து வால்தெமீரோ சொல்லச் சொல்ல லெனிர் எழுதுவது. நான் சுகம். முழங்கால் மட்டும் மழை வருவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. உன் நெஞ்சு எப்படி இருக்கிறது? மூச்சு வாங்காமல் படியேறுகிறாயா? இதற்குப் பதிலை முதலில் எழுதச் சொல். மற்றதெல்லாம் பிறகு.

லெனிர் வீடு வீடாக மருந்து கொடுத்துவிட்டுத் திரும்புகிற வழியில் நம் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். கொட்டைப் பால் ஊற்றி மரவள்ளி அடை சுட்டுக் கொடுத்தேன். "பெரியப்பா, இது அடையா, செருப்புத் தோலா? பெரியம்மாவ சீக்கிரம் வரச் சொல்லுங்க, நாங்க பொழைச்சுப் போறோம்" என்கிறாள். அதைக் கடிதத்தில் எழுத மாட்டேன் என்று அடம்பிடித்தாள். நான் விடவில்லை. உன் கறுப்புக் கோழி அடைகாக்க உட்கார்ந்திருக்கிறது, என்னைத் தவிர யார் பக்கத்தில் போனாலும் கொத்துகிறது.

நீங்கள் அனுப்பிய மூட்டையைப் படகுக்காரன் ஜெனேசியோ நனையாமல் கொண்டுவந்து கொடுத்தான். காபித்தூள் நன்றாக இருக்கிறது. மாத்திரையை லெனிர் வேளைவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறாள். அடியில் புதுத் தார்ப்பாய், அதைக் கட்ட ஒரு சுருள் கயிறு. எடிலேனிக்கு அப்பாவின் ஆசியைச் சொல். நல்ல பாய். சுருட்டினால் ஒரு ரொட்டி அளவுதான். தண்ணீர் ஒட்டாமல் ஓடுகிறது. முற்றத்தில் விரித்துப் பார்த்தேன். ஒரு தூளிப்படுக்கைக்குத்தான் காணும்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டு அனுப்பிய போதெல்லாம் எடிலேனி, "பாக்கலாம்ப்பா, மெதுவா சொல்றேன்" என்றே பதில் அனுப்பினாள். குழந்தையிலிருந்தே அவள் அப்படித்தான், கசப்பான சேதியைச் சொல்ல வாய் வராது. நீ இனித் தோப்புக்கு வரமாட்டாய் என்று வாயால் சொல்லாமல், ஒருவருக்கான பாயை வாங்கி அனுப்பிவிட்டாள் போல.

காஸ்தான்யாக் கொட்டை மரங்களில் காய்கள் விழத் தொடங்கிவிட்டன. மழைக் காற்று அடித்தால் இங்கே முற்றத்துக்கே சத்தம் கேட்கிறது, யாரோ மேலேயிருந்து கல்லைப் போடுகிற மாதிரி. முக்கால்வாசி விழுந்து முடிந்ததும், காற்றில்லாத நாளாகப் பார்த்து எல்லோரும் கொட்டை பொறுக்கத் தோப்புக்குள் போய்த் தங்கிவிடுவார்கள். நான்தான் இன்னும் மாமரத்துக்கும் முந்திரி மரத்துக்கும் நடுவே கயிற்றைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருக்கிறேன்.

ஒத்தாசிலியோ மச்சான் வந்து பார்த்தான். மனைவி இறந்து போனதிலிருந்து அவன் பாயை எப்படிக் கட்டுகிறான் என்று உனக்குத் தெரியும். இரண்டு துண்டுக் கயிறு. பாயின் இந்த நுனியிலிருந்து ஒன்று, அந்த நுனியிலிருந்து ஒன்று, நேராக மரத்துக்கு. பாய்க்கு அடியில் கயிறே கிடையாது. "கயிறு உள்ள வந்தாத்தான மச்சான் தண்ணியும் உள்ள வரும்? ரெண்டா வெட்டிப் போடு. இத்தனூண்டு பாய்க்கு முழுக் கயிறு எதுக்கு, துணி காயப்போடவா?" என்றான்.

அவன் சொல்வதில் தப்பில்லை. சின்னப் பாய்க்கு அதுதான் பொருத்தம். நம் பழைய பெரிய பாய் மாதிரி என்றால்தான் மரத்துக்கு மரம் ஒரே முகட்டுக் கயிறாக இழுத்து, அதன்மேல் பாயைப் போர்த்த வேண்டும். இல்லாவிட்டால் நடுவயிறு தொங்கி, தண்ணீர் குளமாக நின்று, ஓரத்து வளையங்கள் பிய்ந்துபோகும். ஆனாலும் இராசில்டா, நம் ஆற்றங்கரையில் இது பாயின் சங்கதி மட்டும் இல்லையே. முழுக் கயிறு என்றால் ஜோடி, துண்டுக் கயிறு என்றால் தனியாள். தோப்பில் நடந்து போகிறவன் பாய்க்குள் எட்டிப் பார்க்க வேண்டாம். கயிற்றைப் பார்த்தே கேலி பேசவா, சத்தம் போடாமல் தாண்டிப் போகவா என்று முடிவு செய்துகொள்வான். ஒத்தாசிலியோவின் பாயை நாம் அப்படித்தானே தாண்டிப் போவோம்.

அதனால் கயிற்றை வெட்டாமல், முழுசாகக் கட்டிச் சின்னப் பாயை அதன்மேல் போர்த்திப் பார்த்தேன். மதியச் சாப்பாடு முடிந்து படுத்தேன். மழையும் வந்தது. கொஞ்ச நேரத்தில் வலது தோள் நனைந்துவிட்டது. பாயில் ஓட்டை இல்லை. நான்தான் பழக்கத்தில் என் தூளியைக் கயிற்றுக்கு வலப்பக்கம் ஒதுக்கிக் கட்டியிருக்கிறேன். உன் பக்கம் நனையாமல் காலியாகக் கிடக்கிறது, நான் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கிறேன். ஒத்தாசிலியோ சமையல் கட்டிலிருந்து பார்த்துவிட்டு, "யோவ், நடுவுல படுய்யா! பக்கத்துல யாரு, உன் மாமியாளா படுத்திருக்கா?" என்று கத்தினான். எழுந்து நடுவில் மாற்றிக் கட்டினேன். தோள் நனையவில்லை. ஆனால் கயிறு நேராக மூக்குக்கு மேலே போகிறது. அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன், கண் மூடவில்லை. பிறகு எழுந்து காபி போட்டேன்.

நாம் தோப்புக்குப் போன முதல் மழைக்காலம் நினைவிருக்கிறதா? மரப்பட்டையை உரித்துத் திரித்த கயிறு அது. மரத்தில் வழிந்த மழை கயிற்றைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்து என் கழுத்தில் சொட்டிக்கொண்டே இருந்தது. நீ விளையாட்டுக்குத் தண்ணீர் தெளிக்கிறாய் என்று நான் சண்டைக்கு வந்தேன். "நான் ஏன் தெளிக்கிறேன்? கயித்தோட வருதுய்யா, கண்ணு இல்லையா உனக்கு?" என்று எழுந்துபோய், பாவாடை ஓரத்தைக் கிழித்து, பாய்க்கு வெளியே கயிற்றில் இரண்டு பக்கமும் முடிந்தாய். தண்ணீர் அந்தத் துணியில் இறங்கித் தரையில் சொட்டியது. பச்சைப் பாவாடை, ஓரத்தில் மஞ்சள் கோடு. உன் அம்மா அதற்காக என்னைத்தான் திட்டினாள்.

மூட்டையில் வந்த கயிற்றிலும் இரண்டு துணித்துண்டு முடிந்திருக்கிறது. எடிலேனிக்கு அது தெரியாது, அவள் தோப்பில் தூளி கட்டிப் படுத்தவள் இல்லை. நீதான் முடிந்தாய். சிவப்புப் பூப்போட்ட துணி. அந்தப் பூவில் உனக்கு ஒரு சட்டை இருப்பது எனக்குத் தெரியாது. அதைப் போட்டுக்கொண்டு எங்கே போனாய், ஆஸ்பத்திரிக்கா, கோயிலுக்கா? எழுதச் சொல்.

இன்னொன்றும் பார்த்தேன். கயிறு கடைக்காரன் சுற்றிய சுற்று இல்லை. முழங்கையிலிருந்து கட்டைவிரலுக்கு நீ சுற்றுகிற சுற்று. பாய் ஒருவருக்கான பாய். ஆனால் கயிறு முழுசாக வந்திருக்கிறது. துணியை வெட்டும்போது கத்தரிக்கோல் உன் கையில்தானே இருந்திருக்கும். வெட்ட மறந்துவிட்டாயா, மனசு வரவில்லையா? இதைத்தான் கேட்க வேண்டும் என்று இந்தக் கடிதம்.

நீ வருவதானால் சொல். நம் பெரிய பாயை எடுத்து, ஓட்டைகளில் ரப்பர் பால் தடவிக் காயவைத்திருக்கிறேன். உள்தோப்புக்குப் போக வேண்டாம். படகு வந்து நிற்கிற தூரத்திலேயே, தலைக்கு மேலே காய் மரம் இல்லாத இடமாக ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். சுமை எல்லாம் என் முதுகில். நீ தூளியில் படுத்துக்கொண்டு என் சமையலைத் திட்டினால் போதும். லெனிரும் வாரம் ஒருமுறை வந்து பார்ப்பதாகச் சொல்கிறாள்.

டாக்டர் கூடாது என்று சொல்லியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல். எனக்குக் கோபம் இல்லை. எடிலேனி வீட்டுப் பின்பக்கம் கூரை போட்ட இடத்தில் தூளி கட்ட நல்ல தூண்கள் இருப்பதாக ஜெனேசியோ சொன்னான். நகரத்தில் எனக்கு என்ன வேலை, யாரோடு பேசுவேன் என்றெல்லாம் யோசித்துப் பார்த்தேன். யோசித்து முடித்துவிட்டேன், நானே அங்கே வந்துவிடுகிறேன். தோப்பை ஒத்தாசிலியோ பார்த்துக்கொள்வான், கேட்டுவிட்டேன். "போய்த் தொலை, உன் மூஞ்சியப் பாக்காம நிம்மதியா இருப்பேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்போது கயிற்றை நாலாக வெட்டுவேன். உன் தூளிக்கு இரண்டு, என் தூளிக்கு இரண்டு. கோழியைக் கூடையில் வைத்து, குஞ்சோடு கொண்டு வருவேன்.

ஜெனேசியோ திரும்பி வரும்போது அவனிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் போதும். முழுசு என்று சொல், அல்லது நாலு என்று சொல். கத்தி உறையிலேயே இருக்கிறது. கடவுள் உன் மூச்சை இலேசாக்கட்டும். இராசில்டா, இரண்டாக வெட்டு என்று மட்டும் சொல்லிவிடாதே.

என்றும் உன் வலப்பக்கத்தில் இருக்கும்,
வால்தெமீரோ
(கைநாட்டு)