பதினோரு டீ

அக்டோபர் 7, செவ்வாய்

பௌர்ணமிக் கூட்டம் இன்று காலையில்தான் ஓய்ந்தது. வாசல் குப்பையைப் பெருக்கியே இடுப்பு ஒடிந்துவிட்டது. பள்ளியில் மாவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளை ஓடவிட வேண்டும். நானே ஓட முடியாத நிலை.

நேற்று சாயங்காலம் முழுக்க அப்பா கிரிவலப் பாதை ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கால் நொந்து வருகிறவர்கள் "இன்னும் எவ்ளோ தூரம்ங்க?" என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: "இதோ, பத்து நிமிஷம்!" அடி அண்ணாமலையிலிருந்து பெரிய கோயிலுக்குப் பத்து நிமிஷமாம். போன மாதம் ஏமாந்த ஓர் அம்மாள் நேற்று அவரை அடையாளம் கண்டு பிடித்துத் திட்டினாள். அவளுக்குச் சுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, "இந்த தடவ நெசமாவே பத்து நிமிஷம்" என்று அனுப்பிவைத்தார். என் மகள் சிந்துஜா விழுந்து விழுந்து சிரித்தாள். தாத்தாவுக்கு எழுபத்தொன்று, பேத்திக்குப் பன்னிரண்டு. யாருக்கு வயசு கம்மி என்று தெரியவில்லை.

அம்மா போய் எட்டு வருஷம். சிந்துவின் அப்பா மஸ்கட்டில். இந்த வீட்டில் சத்தம் இருக்கிறதென்றால் அது அப்பாவால்தான்.

காலையில் சுப்பிரமணி டீக்கடையில் ராமதாஸ் அண்ணன் நின்றிருந்தார். பங்காளி. அப்பாவுக்குத் தம்பி மகன் முறை. அவரைப் பார்த்ததும் அப்பா குரலை உயர்த்தி, "சுப்பிரமணி, பதினோரு டீ போடு!" என்றார். ஆறு வருஷத்துக்கு முன் வார்டு தேர்தலில் அண்ணன் வாங்கிய ஓட்டு பதினொன்று. அன்றிலிருந்து எங்கே பார்த்தாலும் இதே பாட்டு. கடையே சிரித்தது. அண்ணன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 10, வெள்ளி

அப்பாவை அடித்துவிட்டான். ராமதாஸ். ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். பிறகு எழுதுகிறேன்.

அக்டோபர் 11, சனி

மண்வெட்டிக் காம்பு. பின்மண்டையில் ஒன்று. கீழே விழுந்த பிறகு காதோரம் ஒன்று. விழுந்த மனுஷனை ஏன்டா மறுபடி அடிச்ச?

அப்பாவின் முகம் ஒரு பக்கம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருக்கிறது. கண் திறக்கவில்லை. மூக்கிலிருந்து ரத்தம் கலந்து தண்ணீர் வருகிறது. துடைக்கத் துடைக்க வருகிறது.

நடந்ததை சுப்பிரமணி சொன்னான். ராமதாஸ் மகளைப் பெண் பார்க்கக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வேனில் வந்தார்களாம். கடை வாசலில் இறங்கியவர்களை அப்பா கும்பிட்டு, "சம்பந்திங்களுக்கு பதினோரு டீ!" என்றாராம். எட்டுப் பேருக்கு எதற்குப் பதினொன்று என்று அவர்கள் கேட்க, அப்பா தேர்தல் கதையை நடித்தே காட்டியிருக்கிறார். மாப்பிள்ளைப் பையனும் சிரித்துவிட்டான். பெண்ணைப் பார்த்தார்கள், "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள், போனார்கள். வேன் மறைந்ததும் ராமதாஸ் கொல்லைக்குப் போய்க் காம்போடு திரும்பி வந்தான்.

அதுக்கு அடிப்பானா? ஒரு கிண்டலுக்கு?

"அடிச்சதும் அவனே வாரித் தூக்கிட்டான் அருணா. பெரீப்பா, பெரீப்பான்னு கத்தினான். ஆட்டோ புடிச்சதும் அவன்தான்" என்றான் சுப்பிரமணி. நடிப்பு. அத்தனையும் நடிப்பு. இன்னொரு தடவை இதை என்னிடம் சொன்னால் உன் பல்லை உடைப்பேன் என்றேன்.

அக்டோபர் 13, திங்கள்

காலை பத்தே காலுக்கு அப்பா போய்விட்டார்.

அக்டோபர் 15, புதன்

நேற்று எடுத்தோம். அறுத்துத் தைத்துத் துணி சுற்றிக் கொடுத்தார்கள். தலையைப் பார்க்க விடவில்லை.

அப்பா சிந்துவிடம் செத்த விளையாட்டு விளையாடுவார். மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பார். அவள் உள்ளங்காலைச் சுரண்டினால் ஊளையிட்டுக்கொண்டு எழுவார். நேற்று பாடையில் வைக்கும்போது இவள் கூட்டத்தில் புகுந்து அவர் உள்ளங்காலைச் சுரண்டினாள். ஒரு தடவை அல்ல, நகத்தால் தோல் வெளுக்கும் வரை. நான்தான் இழுத்து வந்தேன்.

ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் இருக்கும் வெள்ளைக்காரர் வந்து அழுதார். அவருக்குத் தெரிந்த தமிழெல்லாம் அப்பா சொல்லிக்கொடுத்தது. பந்தோபஸ்துக்கு வந்த இன்ஸ்பெக்டரைக் கும்பிட்டு, "நல்லா இருக்கியா மச்சான்?" என்றார். அவ்வளவு அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அப்படியே வெறியாக மாறியது. ஏன் என்று தெரியவில்லை.

ஊர்வலம் ராமதாஸ் வீட்டைத் தாண்டும்போது மேளம் நின்றது. முதல் கல்லை எறிந்தது யார் என்று போலீஸ் கேட்டுக்கொண்டிருக்கிறது. நான்தான். குண்டு எறிதலில் மாநிலப் பரிசு வாங்கிய கை. கதவின் மேல் பலகை பிளந்தது. பிறகு தம்பி பிரகாஷும் அவன் கூட வேன் ஓட்டுகிறவர்களும் உள்ளே புகுந்து டிவி, பாத்திரம், பீரோ எல்லாவற்றையும் நொறுக்கினார்கள். ராமதாஸ் ஜெயிலில். அவன் மனைவி ரேவதி குறுக்கே வந்தாள். இத்தனை வருஷம் அண்ணி அண்ணி என்று நான் கூப்பிட்டவளை முடியைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தேன். கையில் ஒரு கொத்து முடி வந்தது. அவள் திருப்பி அடிக்கவே இல்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்டோபர் 28, செவ்வாய்

கருமாதி. அப்பாவுக்குப் பிடித்த வறுத்த நெத்திலி, வடகம், ஒரு குவார்ட்டர் பிராந்தி எல்லாம் வைத்துப் படைத்தோம். பங்காளிகள் வரிசையாக உட்கார்ந்து மொட்டை போட்டார்கள். அப்போதுதான் யாரோ சொன்னார்கள், ராமதாஸும் ஜெயிலில் மொட்டை அடித்துக்கொண்டானாம். அவன் வீட்டிலும் தீட்டுக் காத்தார்களாம்.

பிரகாஷ் எழுந்து நின்று கத்தினான். "கொன்னவனுக்கு இன்னாடா தீட்டு?"

பெரியவர் ஒருவர், "பங்காளி பங்காளிதான்பா. அவன் வூட்டுலயும் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கெடயாது, வெளக்கு கெடயாது" என்றார். பிரகாஷ் அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். பாதி மழித்த தலையோடு. நாலு பேர் சேர்ந்து விலக்கினோம்.

என் அப்பாவுக்காக அவன் மொட்டை போடுவானா? அந்த முடி முளைக்கும் முன் தலையே இருக்கக் கூடாது.

நவம்பர் 5, புதன்

பௌர்ணமி. வாசலில் ஒரு குடும்பம் வந்து, "பத்து நிமிஷம் சொல்வாரே, அந்தத் தாத்தா எங்கங்க?" என்று சிரித்தபடி கேட்டது. முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினேன்.

நவம்பர் 21, வெள்ளி

ஜாமீன். அவன் வீட்டுக்கு வந்துவிட்டான். ஸ்டேஷனில் தினம் ஒரு கையெழுத்து. அவ்வளவுதானா என் அப்பா?

நவம்பர் 23, ஞாயிறு

பரணில் ஒரு சாக்கு. அப்பா புரட்டாசியிலேயே பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, பொடித்து, துணியில் உருட்டிப் பனை மட்டைக்குள் கட்டி வைத்திருக்கிறார். தீபத்துக்குச் சுற்ற ஆறு மாவளி. பிடித்துச் சுற்றுகிற கொச்சக்கயிறு வரைக்கும் கட்டியாகிவிட்டது. சிறியதாக ஒன்று, அது சிந்துவுக்கு. போன வருஷம் தெரு நடுவே நின்று தலைக்கு மேல் சுற்றினார். சுற்றிலும் நெருப்புப் பூவாகக் கொட்டியது. வேட்டியில் ஏழு ஓட்டை.

பிரகாஷ் ஒரு மாவளியை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். யோசனையைச் சொன்னது அவனில்லை, நான். இதை மறைக்காமல் எழுத வேண்டும். ராமதாஸ் வந்ததிலிருந்து பின்கட்டுக் கூரைக் கொட்டகையில்தான் குடித்துவிட்டுக் கிடக்கிறான். பக்கத்திலேயே வைக்கோல் போர். தீபத்தன்று ஊரெல்லாம் பொறி பறக்கும். எங்கே விழுந்தது, யாருடையது என்று யார் சொல்ல முடியும்? கொட்டகைக்கு வெளியேதான் தாழ்ப்பாள்.

"அப்பா செஞ்சதாலயே போவட்டும்" என்றேன். பிரகாஷ் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

நவம்பர் 27, வியாழன்

என் பிள்ளையை

நவம்பர் 28, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதியே ஆக வேண்டும்.

பள்ளிவிட்டு வந்து தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒன்றரை மாதமாக வாயே திறக்காத பெண் நேற்று அடுப்படிக்கு வந்து நின்றாள். "எத்தனைடி?" என்றேன். இடுப்பில் கை வைத்து, அப்பா மாதிரியே கழுத்தைச் சாய்த்து, அப்பா குரலிலேயே சொன்னாள்: "அருணா, பதினோரு தோசை போடு!"

அடித்துவிட்டேன். கையில் இரும்புத் தோசைத் திருப்பி இருந்தது. புருவத்துக்கு மேல் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. விழுந்தாள். நான் மறுபடி கையை ஓங்கியிருந்தேன். ஓங்கிய கை மேலே நிற்பதை நானே பார்த்தேன். பிறகுதான் வாரித் தூக்கினேன். பாப்பா, பாப்பா என்று தெருவெல்லாம் கத்திக்கொண்டு ஓடினேன். ஆட்டோவை நிறுத்தியது சுப்பிரமணி. அவன் என்னையே பார்த்துக்கொண்டு வந்தான். அன்று ராமதாஸைப் பற்றி அவன் சொன்னது எனக்கு மறுபடி கேட்டது.

மூன்று தையல். எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டார். "மாடிப்படில உருண்டுட்டேன்" என்றாள். எங்கள் வீட்டில் மாடியே கிடையாது.

அவள் என்னைக் கிண்டல் செய்யவில்லை. தாத்தாவைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தாள். எனக்கு ஏன் அது தெரியவில்லை? ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் என் கையில் மண்வெட்டிக் காம்பு இருந்திருந்தால்?

இன்னொன்றும் எழுத வேண்டும். அக்டோபர் ஏழாம் தேதி டீக்கடையே சிரித்தது என்று எழுதியிருக்கிறேன். நானும் சிரித்தேன். எல்லோரையும்விட ஜாஸ்தி. டீயைக் கீழே வைக்கும்போது ராமதாஸ் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். ஆறு வருஷமாக அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்திருக்கிறோம். அப்பா தங்கமான மனுஷன். இந்த ஒரு விஷயத்தில் போதும் என்று அவருக்குச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதனால் அவன் செய்தது சரியாகிவிடாது. கோர்ட்டில் கூண்டேறிச் சொல்வேன், ரெண்டாவது அடியையும் சேர்த்துச் சொல்வேன்.

டிசம்பர் 3, புதன். தீபம்

மத்தியானமே ஆறு மாவளியையும் மாட்டுத் தொட்டியில் அமுக்கினேன். கரி கரைந்து தண்ணீர் மையாகிவிட்டது. சின்னதைப் போடும்போது மட்டும் கை நின்றது. அதையும் போட்டேன்.

நாலு மணிக்குப் பிரகாஷ் வந்தான். தொட்டியைப் பார்த்தான். என் கன்னத்தில் அறைந்தான். நான் தூக்கி வளர்த்த தம்பி. உதடு கிழிந்து உப்புக் கரித்தது.

"நீயெல்லாம் அவருக்குப் பொண்ணா? மாவளி இல்லன்னா இன்னா, மண்ணெண்ணெ இல்லயா?" என்று கிளம்பினான்.

அப்பாவின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவனுக்கு முன்னால் ஓடினேன். ஓடத் தெரியும் எனக்கு. ராமதாஸ் வீட்டுச் சந்து வாயில் போட்டு உட்கார்ந்தேன். பிரகாஷ் கேனோடு வந்தான். "கொளுத்தறதுன்னா மொதல்ல என் மேல ஊத்து" என்றேன். நாற்காலியோடு என்னை உதைத்துத் தள்ளினான். எழுந்து மறுபடி போட்டு உட்கார்ந்தேன். மூன்று தடவை. மூன்றாவது தடவை என் மடியிலேயே தலையை வைத்துக்கொண்டு நாய் மாதிரி அழுதான். கேன் சாய்ந்து தெருவில் ஓடியது. அவன் மொட்டைத் தலையில் அரை அங்குலம் முடி முளைத்திருக்கிறது.

ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் ஏறியது. ஊரே அரோகரா என்று அலறியது. வீட்டுக்கு வீடு அகல் வரிசை. தெருவில் இரண்டே வீடு இருட்டு. எங்களுடையது ஒன்று. திரும்பிப் பார்த்தேன், ராமதாஸுடையது இன்னொன்று. பிளந்த கதவுக்கு இப்பால் அவன் நின்றிருந்தான். அவன் தலையிலும் அதே அரை அங்குலம்.

ரேவதி ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். தாகம் தொண்டையைப் பிய்த்தது. குடிக்கவில்லை. கொட்டவும் இல்லை.

டிசம்பர் 4, வியாழன்

காலையில் சிந்துவுக்குத் தையல் பிரித்தார்கள். தழும்பு நிற்கும் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து தோசைக்கல்லைப் போட்டேன். எத்தனை என்று கேட்டேன். அவள் முதலில் என் கையைப் பார்த்தாள். பிறகு, "ரெண்டும்மா" என்றாள்.

திருப்பியை அவள் கையில் கொடுத்தேன். கீழே உட்கார்ந்து மறுபடி கேட்டேன். திருப்பியைத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"பதினொண்ணு."

மாவு ஒன்பதுக்குத்தான் வந்தது. பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் வாங்கி வந்து, மீதி ரெண்டையும் ஊற்றினேன்.