இடக்கைக்காரனுக்கு ஒரு வலக்கை பேனர்

மச்சான்,

இன்று காலை மஞ்சக்குப்பம் மைதானத்துக்குள் நுழைந்ததுமே புது ஃப்ளெக்ஸ் வாசனை மூக்கில் ஏறியது. உன் பெயரில் கோப்பை, உன் நினைவாகப் போட்டி. ஆசையாக நிமிர்ந்து பார்த்தேன். பற்றிக்கொண்டு வந்தது. எவனோ ஒருவன் உடம்பில் உன் தலையை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். சிக்சர் அடிக்கிற போஸ். அதுவும் வலக்கை ஆட்டக்காரன் உடம்பு!

நீ இடது கை என்பது அந்த மைதானத்தில் டீ விற்கிறவருக்குக்கூடத் தெரியும். கயிறு கட்டிக்கொண்டிருந்தவனிடம் கேட்டேன். "விடுண்ணே, மூஞ்சி தெரியுதுல்ல?" என்றான். மூஞ்சியா? உன்னை எவன் மூஞ்சிக்காகப் பார்க்க வந்தான்?

நான் வந்தது அந்த லேட் கட்டுக்காக. பந்து உன்னைத் தாண்டிவிட்டது என்று கீப்பர் கையை விரித்துக்கொண்டு காத்திருப்பான். அப்போதுதான் நீ பேட்டை லேசாகத் திருப்புவாய். குமராட்சியில் அறுப்பு முடிந்த வயலில், பந்து எங்கே எகிறும் என்று போடுகிறவனுக்கே தெரியாத பிட்சில், அதையே திரும்பத் திரும்பச் செய்தாய். திட்டக்குடியில் ஒரு நெட்டைப் பையன் வேகத்தில் எங்களையெல்லாம் ஆட்டி வைத்தானே, நினைவிருக்கிறதா? நீ திருவந்திபுரத்தில் மொட்டை போட்ட கையோடு வந்து, சந்தனத் தலையோடு இறங்கினாய். "மொட்ட, மண்டய பாத்துக்க!" என்று கத்தினான். அவன் போட்டதையெல்லாம் நீ கீப்பர் பக்கத்தில் பவுண்டரிக்குத் திருப்பிவிட்டாய். கடைசி ஓவரில் அவனே வந்து, "அண்ணே, எங்க போட்டா அடிக்க மாட்டீங்க, அதயாவது சொல்லுங்கண்ணே" என்று கெஞ்சினான். எதிர்முனையில் நின்ற எனக்குச் சிரித்துச் சிரித்து ஓட முடியவில்லை.

இப்படி ஆடியவனைத்தான் மச்சான் அந்த ஃபைனலுக்குப் பிறகு ஓரங்கட்டினார்கள்.

சிதம்பரத்து ஃபைனல். நம் பக்கத்து டென்னிஸ் பந்து ஆட்டத்தில் பேட்டிங் பிடிக்கிற டீமின் ஆள்தான் அம்பயராக நிற்பான். சொந்த ஆளுக்கு விரல் தூக்குகிறவன் எவனும் கிடையாது. அன்றைக்கு நம் கேப்டன் சேகரே நின்றான். டென்னிஸ் பந்து பேட்டில் உரசினால் சத்தமும் வராது. கீப்பர் பிடித்தான், எல்லோரும் கத்தினார்கள், சேகர் தலையை ஆட்டி 'இல்லை' என்றுவிட்டான். நீ பேட்டை அக்குளில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டாய். கொஞ்ச நேரத்தில் மேட்ச்சும் போய்விட்டது.

திரும்பும்போது வேனில் அவன் கத்திய கத்து இன்னும் காதில் இருக்கிறது. "இன்னாத்துக்குடா நடந்த? நான்தான் இல்லன்னுட்டேன்ல? பெரிய யோக்கியனா நீ?"

"பட்டது கைக்குத் தெரிஞ்சிருச்சுடா" என்றாய். அவ்வளவுதான் நீ சொன்னது.

அதற்குப் பிறகு சேகர் உன்னைக் கூப்பிடவே இல்லை. கேட்டவர்களிடம் "ஃபார்ம் போச்சு" என்றான். நன்றாக ஆட வேண்டிய வருஷங்களில் நீ கோட்டுக்கு வெளியே நின்று, தத்துப்பித்தென்று ஆடியவனுக்கெல்லாம் கை தட்டிக்கொண்டிருந்தாய். உன் மேலும் எனக்குக் கோபம்தான். எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாய். நெஞ்சு வலித்தபோதுகூட "கேஸுதான்" என்று ஒரு சோடாவைக் குடித்துவிட்டுப் படுத்தவன்தானே நீ?

இன்றைக்கு அதே சேகர் கமிட்டித் தலைவர். சால்வையும் மைக்குமாக நின்று சொல்கிறான்: "அவரு நேர்மையின் சிகரம். அம்பயர் இல்லன்னாலும், அவுட்டுன்னா தானா நடந்துருவாரு. இந்தக் காலத்துப் பசங்க கத்துக்கணும்." கூட்டம் கை தட்டுகிறது. எனக்குப் பல்லை நறநறவென்று கடிக்கத்தான் முடிந்தது.

மாலையில் ஃபைனல். நம் டீமும் மறுபடி ஒரு சிதம்பரத்து டீமும். நாம் பேட்டிங். "நம்ம ஆளு, நீ போய் நில்லு" என்று சேகரே என்னை அம்பயராக அனுப்பினான். நம் பையன் ஒருவன் அடி வெளுத்துக்கொண்டிருந்தான். அவன் வீசிய பேட்டில் பந்து உரசித் திசை மாறியதை என் கண்ணால் பார்த்தேன். கீப்பர் பிடித்துவிட்டான். பையன் நகரவில்லை, தைரியமாக என் முகத்தைப் பார்த்தான். மேடையிலிருந்து சேகர், 'இல்லை' என்று சொல்லச் சொல்லித் தலையை ஆட்டினான்.

விரலைத் தூக்கினேன். நன்றாக, உயரமாக, மேடைக்குத் தெரிகிற மாதிரி.

தோற்றோம். கடைசி விக்கெட் விழுந்ததும் சேகர் உன் பேனருக்கு அடியிலிருந்து என்னைப் பார்த்துக் கத்தினான். கையிலிருந்த மைக் ஆனில் இருப்பதை மறந்துவிட்டான். "டேய், நீயும் அவனாட்டமே எங்களக் கவுத்துட்டியேடா!"

மைதானம் முழுக்கக் கேட்டது. காலையில் கை தட்டிய கூட்டம் மொத்தமும் மேடைப் பக்கம் திரும்பியது. சேகர் மைக்கைப் பார்த்தான், பேனரைப் பார்த்தான், உட்கார்ந்துவிட்டான்.

ஒரு பிளேடு வாங்கி, எல்லோரும் பார்க்க அந்த ஃப்ளெக்ஸில் உன் முகத்தை மட்டும் வெட்டிச் சுருட்டிக்கொண்டேன். ஒருவனும் தடுக்க வரவில்லை. வலக்கைக்காரன் உடம்பு அங்கேயே தொங்கட்டும்.

சுருட்டிய உன் முகத்தை முன்னால் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் 'அவனாட்டமே' என்று ஊர் கேட்க என்னைத் திட்டிவிட்டான் மச்சான். அது எனக்குப் போதும்.