மாத்தணும்னு சொன்னது எந்த டிரைவரை

மாமா,

நேத்து நான் ஸ்பேர் கடைக்காரர்கிட்ட போன்ல “டிரைவர் சரியில்ல, மாத்திடலாம்”னு சொன்னது பலகையில பேர் செதுக்குற என் லேசர் மிஷின்ல, லேசருக்கு கரண்ட் குடுக்குற டிரைவர் போர்டை. மீன் வண்டி ஓட்டுற என் புருசன் உன்னை இல்ல. அரைகுறையா கேட்டுட்டு, சோறு வேணாம்னு மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினா நான் இன்னா பண்றது?

நானே கடுப்புல இருக்கேன். ஃபேன் சுத்துது, லேசர் வரமாட்டேங்குது. போர்டைக் கழட்டி சால்டர் வெச்சு விரலைச் சுட்டுக்கினதுதான் மிச்சம். காலையில மீட்டர் வெச்சா, சும்மா இருக்கிறப்போ பன்னெண்டு வோல்ட் காட்டுற அடாப்டர், லேசரை ஆன் பண்ணதும் ஏழுக்கு எறங்குது; கோளாறு அதுலதான். புது அடாப்டர் வாங்க பொன்னேரி போறேன்.

மலீஹா கல்யாணப் பலகை கேட்டு வந்தா, சாயந்திரம் வரச் சொல்லு. மிஷின்ல கை வெக்காத. எறா தொக்கு அடுப்பு மேல இருக்கு.

அம்பிகா

கீழ இடம் இருக்குன்னு எழுதுறேன்: போர்டு மேல தப்பே இல்ல. அந்த டிரைவரையும் மாத்தப் போறதில்ல. சாப்பிடு.