கீழ்க்கோட்டில் வைத்த குறி

அன்புள்ள சாய்ரகுலுக்கு,

அம்மாவின் இருமல் குறைந்ததா? சிவப்புக் குதிரை குட்டி போட்டதா? எனக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் ஓரிடத்தில் உட்கார முடியாமல், இரண்டு வரி எழுதுவதற்குள் எழுந்து கூடாரத்துக்கு வெளியே போய் வருகிறேன்.

நேற்று நடந்ததைக் கேட்டால் சிரிப்பாய். வேட்டைக்கு வந்திருக்கும் ஜெர்மன்காரர் ஹோல்கரின் துப்பாக்கித் தொலைநோக்கிக்குள், நடுக்குறிக்குக் கீழே சின்னச் சின்னக் கோடுகள். தூரம் கூடக் கூடக் குண்டு இறங்குமாம்; தூரத்துக்கேற்ற கோட்டை இலக்கில் வைத்தால் போதுமாம். அவர் குறிவைத்த காட்டுக் கிடாவுக்கு மேலே, பாறை மறைவில் இருந்து நான் காட்டாட்டு மந்தையைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அவர் நானூறு மீட்டர்க் கோட்டை வைத்துச் சுட்டார். குண்டு கிடாவைத் தாண்டி என் பாறைப் பக்கம் வந்தது. வெகு உயரத்தில்தான் போனது, பயப்படாதே.

நான் கீழே இறங்கி வந்தபோது, எங்கள் வழிகாட்டி துருதுபெக் அவரிடம் கத்திக்கொண்டிருந்தான்: "யோவ், அது உங்க ஊர்க் காத்துக்குப் போட்ட கோடு! இந்த உசரத்துல காத்து லேசுய்யா, குண்டு அவ்வளவு இறங்காது!"

"கம்பெனி சொன்னபடிதானே வச்சேன்?" என்றார் ஹோல்கர்.

"கம்பெனிக்காரன் இந்தக் கணவாய்க்கு வந்தானா?"

என்னிடம் திரும்பி, "உனக்கு மேல உக்கார வேற இடமே கெடைக்கலயா, மடையா?" என்றான்.

கம்பளிக் காலுறையும், உன் கையால் செய்த தயிர்க்கட்டியும் அனுப்பு. புதுத் தொப்பி ஒன்றும் வேண்டும். பழையது முள்ளில் மாட்டி ஓட்டையாகிவிட்டது.

கீழே போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. அந்த மலையில் ஏது முள் என்று மட்டும் கேட்காதே.

உன்
மைரம்பெக்