காலை பத்து மணிக்குப் பார்த்த யூரோ

ஜூலை 8, செவ்வாய்

உறுதியானது: அந்நிய நாணயத்தைப் பங்குபோல் வாங்கி விற்கும் நிதி, ஈ.டி.எஃப். என்கிறார்களே, அது இந்தியச் சந்தையில் ஒன்றுகூட இல்லை. ஆதாரம்: சந்தையின் பட்டியல், இன்று காலை வரி வரியாகப் பார்த்தது. அமெரிக்காவில் உண்டு.

பலத்த காற்று. கொடியில் போட்ட வேட்டி பக்கத்து வீட்டு மாடியில்.

கேட்டவன் நசீர். பள்ளித் தோழன், பாலக்கரை. துபாய்ச் சேமிப்பு முழுவதும் டாலர் வைப்பில். அக்டோபர் வரை தொட முடியாது. மகள் ஷிஃபாவுக்கு ஜெர்மனியில் மேற்படிப்பு இடம். கட்டணம் யூரோவில், அக்டோபரில். இன்றைய விலைக்குப் பணம் சரியாக இருக்கிறது. யூரோ ஏறினால் பற்றாது. ஆகவே யூரோ நிதியில் ஆப்ஷன், அதாவது குறித்த விலைக்கு வாங்கும் உரிமை: ஏறினால் அந்த லாபம் ஈடுகட்டும், இறங்கினால் கொடுத்த சிறு தொகையோடு போகும்.

தில்லைநகரில் பங்குச்சந்தை வகுப்பு எடுப்பவர் ஏழு நிதிகளின் பெயர் கொடுத்திருக்கிறார். எதில் வியாபாரம் நடக்கிறது என்று சொல்லவில்லை. அதற்குத் தனி வகுப்பாம். பார்த்துச் சொல்லும்படி நசீர் கேட்டான்.

“வாங்குறது யாரு வேணா வாங்கலாம்டா. விக்கிறப்ப எதிர்ல ஆள் நிக்கணும். எம் மச்சான் மணிகண்டத்துல வாங்கிப் போட்ட பிளாட் மாதிரி ஆயிடக் கூடாது.”

இடத்தை ஏற்கிறாளா இல்லையா, வியாழனுக்குள் கல்லூரிக்குச் சொல்ல வேண்டும்.

ஜூலை 9, புதன்

காலை பத்து. யென், யூரோ, பவுண்டு, ஸ்விஸ், ஆஸ்திரேலியா, கனடா, டாலர் குறியீடு. ஏழிலும் வாங்குவோர் விலை சுழியம், விற்போர் விலை சுழியம். வேறொரு தளத்திலும் ஒப்பிட்டேன். இரண்டு ஆதாரம், ஒரே பதில். நாற்பது வருட நிருபர் பழக்கம்.

நசீருக்குப் போன்.

“ஏழுமே வெறும் பேருதான். ஈ, காக்கா இல்ல.”

“நல்லாப் பாத்தியா?”

“பாக்காம சொல்வேனா?”

“சரி, விடு. அல்லாஹ் நாடுனது அவ்வளவுதான்.”

கேஸ் சிலிண்டர் இன்னும் வரவில்லை. மூன்றாவது புகார்.

ஜூலை 10, வியாழன்

மதியச் சாப்பாட்டில் மனைவியிடம் விவரித்தேன். கொஞ்சம் பெருமையாகத்தான்.

“ஏங்க, பத்து மணிக்குப் பாத்தேங்கிறீங்க. அங்க அப்ப மணி என்ன?”

நியூயார்க்கில் நள்ளிரவு பன்னிரண்டரை. கடை சாத்தியபின் போய் நின்று, வியாபாரம் இல்லை என்று செய்தி கொடுத்திருக்கிறேன். இரண்டு ஆதாரமும் காட்டியது ஒரே பூட்டிய கதவு. ஒரு பயிற்சி நிருபர் இப்படி எழுதி வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

நசீர் போன் எடுக்கவில்லை.

மாலை ஏழுக்குச் சந்தை திறந்தது. ஏழரைக்குப் பார்த்தவை: யென், நன்றாக ஓடுகிறது. யூரோ, அக்டோபர் ஆப்ஷனில்கூட ஆள் உண்டு. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி தாங்கும் அளவு. ஸ்விஸ், கனடா, அந்த இடைவெளியில் லாரி போகும். மற்றவை சுமார்.

மறுபடி போன். எடுக்கவில்லை. பஸ் பிடித்தேன். காவிரிப் பாலத்தில் இருபது நிமிடம் நின்றது. கண்டக்டர்: “சார், நீங்க எந்திரிச்சு நின்னா மட்டும் பஸ்ஸு நகருமா?”

நசீர் வாசலிலேயே இருந்தான். சொன்னேன். சிரித்தான், அதுதான் தாங்கவில்லை.

“பேப்பர்காரன் சொல்லிட்டானேன்னு காலைலயே வேணாம்னு மெயில் போடச் சொல்லிட்டேன்டா.”

உள்ளேயிருந்து ஷிஃபா: “அத்தா, அங்கிளுக்கு டீயா காப்பியான்னு கேளுங்க.”

டீ.

ஜூலை 11, வெள்ளி

புழுக்கம். காலையில் மீண்டும் பாலக்கரை. இடத்தைத் திருப்பித் தரும்படி கல்லூரிக்குக் கடிதம். ஷிஃபா எழுதியது நான்கு வரி. தவறு என்னுடையது என்று நான் ஐந்தாவதாக ஒரு வரி சொன்னேன். தட்டச்சு செய்துவிட்டு அழித்தாள்.

“நீங்க யாருன்னே அவங்களுக்குத் தெரியாது, அங்கிள்.”

தில்லைநகர் வகுப்புக்காரர் இன்று வாட்ஸ்அப் குழுவில்: ‘யூரோ, யென் மட்டும் பாருங்க. ராத்திரி ஏழுக்கு மேல.’ இலவசமாக. செவ்வாய்க்கிழமை சொல்ல என்ன கேடு?

சிலிண்டர் வந்தது. கசிகிறது.

நிலுவை: நசீர் வெளிநாட்டு ஆப்ஷன் வாங்க அனுமதி உண்டா, வங்கியின் எழுத்துப்பூர்வமான பதில். புதன் என்றார்கள்.

கல்லூரியின் பதில்: திங்கள். அவர்கள் அலுவலகம் திறப்பது ஒன்பதுக்கு. நமக்குப் பிற்பகல் பன்னிரண்டரை. ஷிஃபாவையும் ஒருமுறை கணக்கிடச் சொன்னேன்.