டிரெட்மில்லும் அப்பாவின் இடது பாதமும்

வலியசாலை,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

அன்புள்ள மாளுவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். டப்ளினில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ. இங்கே நானும் வாலாம்பாள் அத்தையும் சௌக்கியம். அப்பாவும், இடது பாதம் நீங்கலாக, சௌக்கியம். அந்தப் பாதத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நீ கூப்பிடும்போதெல்லாம் அவர் என் தோளை ஒட்டி உட்கார்ந்துகொள்கிறார், காலை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொள்கிறார், நான் வாயைத் திறந்தால் முழங்கையால் இடிக்கிறார். அதனால் அவர் தூங்கும் நேரத்தில் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். முழுக்கப் படி, பாதியில் பதறிக்கொண்டு போன் செய்யாதே.

ஜூலையில் அவருக்குச் சர்க்கரை எகிறியதும் டாக்டர் தினம் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னதும் உனக்குத் தெரியும். மனுஷர் ஒழுங்காக ஷூ போட்டுக்கொண்டு கிள்ளிப்பாலம் வரை போய் வந்துகொண்டுதான் இருந்தார். ஒரு நாள் இரண்டு நாய் துரத்தியது. கடிக்கவில்லை. உன்னிடம் அவர் சொல்லும்போது அது ஆறு நாயாகிவிட்டது, நீ அன்றைக்கே டிரெட்மில்லுக்கு ஆர்டர் போட்டுவிட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? தெருவில் மனிதன் நடக்க வழியில்லை என்றால் தெருவைச் சரிசெய்யச் சொல்லிச் சண்டை போட வேண்டும். நம்மைப் போன்றவர்கள் சண்டை போடாமல் மிஷின் வாங்கி வீட்டுக்குள் நடந்துகொள்கிறோம், வாங்க முடியாதவர்கள் நாய்களுக்கு நடுவே நடக்கட்டும் என்று. இதை அப்போது உன்னிடம் சொல்லாமல் விட்டேன், மகள் ஆசையாக அனுப்புகிறாளே என்று. அது என் முதல் தப்பு.

அது வந்த அன்றைக்கு நல்ல மழை. தெரு நெடுக ஆளாளுக்குக் காரை நிறுத்தியிருந்ததால் வண்டி உள்ளே வர முடியவில்லை. முக்கில் இறக்கி, இரண்டு பேர் நனைந்துகொண்டே தூக்கி வந்தார்கள், தொண்ணூறு கிலோ. ஒருத்தர் பெயர் செல்வகணேஷ், நாகர்கோவில் பக்கம். படியில் கால் வைக்கும்போது அப்பா என்ன சொன்னார் தெரியுமா, செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்கோ என்றார். அத்தனை பாரத்தைக் கீழே வைத்து, செருப்பைக் கழற்றி, மறுபடி தூக்கி, ஈர மொசைக்கில் வெறுங்காலோடு வந்தார்கள். வழுக்கியது. பெட்டியின் மூலை செல்வகணேஷின் கால் கட்டை விரலில் இறங்கி நகம் பெயர்ந்துவிட்டது. அத்தை உள்ளேயிருந்து, ரத்தம் தரையில படாம துணியைச் சுத்துங்கோ என்கிறார். அந்த ஆளோ, ஒண்ணுமில்ல சார், ஒப்பு மட்டும் இட்டுத் தாங்க என்று கையெழுத்துக்குப் போனை நீட்டுகிறார். நான் மருந்து போட்டுக் கட்டிவிட்டேன். ஆனால் இது என்ன அக்கிரமம், செருப்போடு வரட்டுமே, பிறகு துடைத்தால் போகாதா என்று நானும் கேட்கவில்லை. அது இரண்டாவது தப்பு. அதற்கான பலன் வேறு காலில் வந்து விடிந்தது.

மறுநாள் மாட்டிக்கொடுக்க கம்பெனியிலிருந்து ரெஷ்மா என்று ஒரு பெண் வந்தாள். கெட்டிக்காரி, ஒரு மணி நேரத்தில் தனியாக நிறுத்திவிட்டாள். அந்த மிஷினுக்குப் பெரிய பிளக் வேண்டும் என்றாள். நம் வீட்டில் அது சமையலறையில் கிரைண்டருக்கு ஒன்று, ஹாலில் ஸ்வாமி அலமாரிக்குப் பக்கத்தில் கொலு விளக்குக்காகப் போட்டது ஒன்று, அவ்வளவுதான். ஆகவே ஸ்வாமி அலமாரிக்கு நேர் எதிரே மிஷின் உட்கார்ந்தது. ரெஷ்மா போகும்போது, அங்கிளே, ஷூ இல்லாதெ இதில் கேறல்லே, வெறுங்கால் வேண்டா, பெல்ட் சூடாகும், தோல் போகும் என்று மலையாளத்தில் இரண்டு தரம் சொன்னாள். அப்பா தலையைத் தலையை ஆட்டினார். அவள் படி இறங்கினாளோ இல்லையோ அத்தை ஆரம்பித்தார். ஸ்வாமிக்கு முன்னாடி ஷூவைப் போட்டுண்டு தாட் பூட்டுனு குதிக்கறதா, நன்னாருக்குடா சேஷா என்று. அப்பாவுக்கு அதுவே போதும். அக்கா மனசு நோகக் கூடாதாம். வெறுங்காலோடு, மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார். நான் சத்தம் போட்டேன். போட்டுவிட்டு லேபுக்கு பஸ் பிடிக்க ஓடினேன்.

இதில் உன் பங்கும் உண்டு, கோபித்துக்கொள்ளாதே. அவர் நடந்த கணக்கு உன் போனுக்கு வந்தது, நீ கைதட்டும் பொம்மை அனுப்பினாய். அறுபத்தொரு வயதில் மகளிடம் கைதட்டு வாங்கிய மனுஷர் முக்கால் மணி நேரத்தை ஒன்றரை மணி ஆக்கினார். ஆயுதபூஜைக்கு அத்தை மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார், அதன் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் வைத்தார். பெல்ட்டில், தரையில், எங்கே பார்த்தாலும் சிவப்புப் பொட்டு. போன மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமைக்கு மறுநாள், நான் லேபுக்குக் கிளம்பும்போது, ஹாலைத் துடைத்துக்கொண்டிருந்த மாடம்மாள் துணியைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். மாமி, இது குங்குமம் ஒண்ணும் இல்ல கேட்டியளா, ரெத்தமாக்கும் என்றாள். மூணு நாளா தொடைக்கேன், காஞ்சு ஒட்டிக் கெடக்கு, ஐயா காலப் பாருங்க என்றாள். முப்பது வருஷமாக ஊரார் ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்க்கிறவள் நான். என் வீட்டுத் தரையில் கிடந்ததைக் குங்குமம் என்று மிதித்துக்கொண்டு போயிருக்கிறேன். பத்து வருஷமாகக் கொல்லை வழியாகவே வந்து போகிற மாடம்மாளுக்குத்தான் அது கண்ணில் பட்டது.

அப்பாவை உட்கார வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். இடது கட்டை விரலுக்கு அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோலே இல்லை. ஓரம் வெளுத்து, நடுவில் குழி. வலிக்கலையே கோமதி, நிஜமாவே வலிக்கலை என்கிறார். வலிக்காததுதானே வியாதி! செல்வகணேஷுக்கு வலித்தது, அதனால் அவர் கவனித்துக்கொண்டார். இவருக்குச் சர்க்கரை அந்த இடத்து உணர்வையே தின்றுவிட்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர், சின்னப் பெண், மெல்லிய நரம்பு போல ஒன்றால் பாதத்தில் குத்திக் குத்தி, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டாள். ஒன்பது இடத்தில் ஆறு இடம் தெரியவில்லை. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்றாள். இனி வீட்டுக்குள்ளும் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு போட்டே நடக்க வேண்டும், ஓரடிகூட வெறுங்கால் கூடாது என்றாள். அப்பா தயங்கித் தயங்கி, அகத்துக்குள்ள செருப்பு வழக்கமில்லையே டாக்டர் என்றார். அவள் மருந்துச் சீட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, காலு போயால் பின்னே செருப்பு எந்தினா அங்கிளே என்று கேட்டாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றுகிறோம். புண் சுருங்கியிருக்கிறது, ஆனால் மூடவில்லை, மூட இன்னும் ஒரு மாதம் ஆகலாம் என்கிறார்கள். செருப்பு வாங்கி, முன்வாசலில் இல்லை, அவர் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். அத்தை, இந்தாத்துல ஹாலுக்குள்ள செருப்பு வந்தா நான் பாலக்காட்டுக்குப் பிள்ளையாத்துக்குப் போயிடுவேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை வண்டியிருக்கு அக்கா என்று நான் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது, சொன்னதற்கு வருத்தமும் இல்லை. அவர் போகவில்லை. அன்று சாயங்காலம் நான் எனக்கு ஒரு புது ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு, ஸ்வாமிக்கு எதிரே அந்த மிஷினில் அரை மணி நேரம் நடந்தேன். இப்போது தினம் நடக்கிறேன், ஆகவே நீ அனுப்பியது வீணாகவில்லை. நான் ஷூவின் கயிற்றைக் கட்டும்போது அத்தை எழுந்துபோய் அலமாரிக்குப் புதிதாகத் தொங்கவிட்ட திரையை இழுத்து விடுகிறார், நான் இறங்கியதும் திறக்கிறார். இரண்டு முழத் துணி, மாளு. இதைச் செப்டம்பரிலேயே தொங்கவிட்டிருக்கலாம், ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

செல்வகணேஷுக்குப் போன் செய்தேன், டெலிவரி மெசேஜில் நம்பர் இருந்தது. பன்னிரண்டு நாள் வேலைக்குப் போகவில்லையாம், ஒருத்தரும் கேட்கவில்லையாம். நகம் வந்துட்டு மேடம், எதுக்கு வெஷமிக்கீங்க, வருத்தப்படாதீங்க என்று எனக்கே சமாதானம் சொன்னார். மாடம்மாளிடம் இனி முன்வாசல் வழியாக வா என்றேன். பெரிய மாமி ஏசுவாங்க என்று சிரித்துக்கொண்டு மறுநாளும் கொல்லையில்தான் வந்து நின்றாள். சொன்னால் போதாது, நான் போய் முன்கதவைத் திறந்துகொண்டு நிற்க வேண்டும் போலிருக்கிறது.

இப்போது நீ செய்ய வேண்டியது. நான் இருக்கும்போது அப்பா செருப்பு போடுகிறார். நான் எட்டு மணிக்கு வாசல் தாண்டியதும் கழற்றிவிடுகிறார் என்று நினைக்கிறேன். காலையில் நான் எந்தக் கோணத்தில் வைத்துவிட்டுப் போகிறேனோ, நாலரைக்கு வரும்போது அதே கோணத்தில் கிடக்கிறது. கேட்டால், போட்டுண்டுதானே இருந்தேன் என்று பச்சைப் பொய். நான் சொன்னால் பெண்டாட்டி அதட்டுவதாகப் போய்விடுகிறது, டாக்டர் சொன்னது ஆஸ்பத்திரி வாசலோடு சரி. உன் கைதட்டுக்கு மட்டும்தான் மனுஷர் மயங்குகிறார். ஆகவே நீ ஆபீஸ் கிளம்பும் முன்னால், உனக்கு ஏழரை, இங்கே ஒரு மணி, நான் லேபில் இருப்பேன், அப்போது தினம் வீடியோவில் கூப்பிடு. எத்தனை அடி நடந்தீர்கள் என்று கேட்காதே. முகத்தையும் பார்க்காதே, அதை வைத்துத்தான் இரண்டு மாதம் நம்மை ஏமாற்றினார். காலைத் தூக்கி உள்ளங்காலைக் காட்டச் சொல். கட்டு நனைந்திருக்கிறதா பார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு ஹாலில் ஸ்வாமி அலமாரி வரை போய்த் திரும்பி வரச் சொல். அத்தை குறுக்கே பேசினால் அத்தையையும் கூப்பிட்டுப் பேசு, உன்னிடம் அவர் கொஞ்சம் இறங்குவார். அவர் அப்படி நடந்து வந்த பிறகு கைதட்டு, எத்தனை வேண்டுமானாலும்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. உன் சர்க்கரையையும் ஒரு தரம் பார்த்துவிடு, முப்பது ஆகிறது, நம் ரத்தம் அப்படி. நீ நன்றாக இருக்க வேண்டும், அதைத் தவிர நான் அந்த அலமாரியிடம் வேறொன்றும் கேட்பதில்லை. மறக்காதே, ஒரு மணி, நாளையிலிருந்து.

ஹாலில் செருப்புக் காலோடு உட்கார்ந்து எழுதும்
உன் அம்மா,
கோமதி.